வளரா வகை

பதினான்கு வயதுப் பெண்ணின் தொடைக்குள் பார்த்து, அவள் இருபத்தொரு வயதில் எவ்வளவு பாரம் தூக்குவாள், எவ்வளவு வேகமாக ஓடுவாள் என்று சொல்லிவிடுகிற இயந்திரம் எங்கள் பள்ளிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாயோ வெறுவாயோ என்று எங்கள் தலைமையாசிரியைக்கு ஒரு பயம். தார்ப்பாய் போட்டு வாசலிலேயே நிறுத்திவைத்து, புதன்கிழமை சூடம் காட்டித்தான் உள்ளே விட்டார். எதிர்காலத்தைச் சொல்லும் இயந்திரத்துக்கே எங்கள் ஊரில் நல்ல நாள் பார்க்க வேண்டியிருந்தது.

என் பெயர் அமலோற்பவம். வடசென்னையில் உப்பளச் சாலை அரசு மகளிர் உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாகப் பி.டி. டீச்சர். கணக்கு டீச்சருக்குப் பாடம் முடியவில்லை என்றால் என் பீரியட்தான் பலி. அறிவியல் டீச்சருக்குத் தலைவலி என்றாலும் என் பீரியட்தான் பலி. ஆனால் கால்பந்து என்று வந்தால் மட்டும் யாரும் என்னிடம் வாலாட்ட முடியாது. எங்கள் ஏரியாவில் பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே உதைக்கப் பழகிவிடுவார்கள். மைதானம் சின்னது, ஒரு பக்கம் பம்பிங் ஸ்டேஷன் மதில், இன்னொரு பக்கம் கால்வாய். அதனால் நாங்கள் ஆடுவது ஏழு பேர் ஆட்டம். என் அணியில் சரியாக ஏழு பேர், மாற்று ஆட்டக்காரர் என்று ஒருத்தியும் கிடையாது.

உடம்பை வலுவாக்க நாங்கள் செய்துகொண்டிருந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். தண்ணீர் கேனில் மணலை நிரப்பித் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது. பழைய சைக்கிள் ட்யூபை கோல் கம்பத்தில் கட்டி இழுப்பது. தண்ணீர்த் தொட்டிப் படிகளில் ஒற்றைக் காலில் ஏறுவது. பிள்ளைகளின் தொடையைத் தட்டிப் பார்த்து "தேறிட்டே", "இன்னும் தேறணும்" என்று சொல்வதுதான் என் விஞ்ஞானம்.

இயந்திரத்தோடு நவநீதன் என்று ஒருவர் வந்தார். அதைச் செய்த கம்பெனியின் ஆள், முப்பது வயது, கோயம்புத்தூர்க்காரர். எங்கள் மாவட்டம் முழுக்க அவர் பொறுப்பு. எதைச் சொன்னாலும் அதற்கொரு 'ங்க' போட்டுப் பேசுவார். முதல் நாளே பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, போங்க, பந்து குடுங்க" என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். இயந்திரத்துக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. பிள்ளைகள் அதற்கு 'வாத்தியார்' என்று பெயர் வைத்தார்கள்.

முதலில் அதற்குள் நின்றவள் சங்கவி. எங்கள் கோல்கீப்பர், அணித் தலைவி, வாய் கொஞ்சம் நீளம். முடியைவிட மெல்லிய கம்பிகள் ஓடுகிற ஒரு காலுறையை நவநீதன் அவளுக்குக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு, தோளில் கம்பியை வாங்கி, மெல்ல உட்கார்ந்து எழுந்தாள். எதிரே இருந்த திரையில் அவள் தொடை திறந்துகொண்டது.

நான் அதை எப்படிச் சொல்வது? ஆயிரக்கணக்கான இழைகள், தறியில் பாவு ஓட்டியதுபோல. அவள் உட்காரும்போது அத்தனையும் நீண்டன, எழும்போது அத்தனையும் சுருங்கின. ஒன்றுகூடத் தாமதிக்கவில்லை. பத்தொன்பது வருடமாக நான் வெளியே தட்டித் தட்டிப் பார்த்த இடத்துக்குள் இத்தனை பெரிய திருவிழா நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எட்டாவது தடவை எழும்போது இழைகளுக்கு நடுவே சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் தோன்றின.

"இன்னா மிஸ் அது, ரத்தமா?" என்றாள் பர்வீன். வலது ஓரத்தில் ஓடுபவள். ஓடுவதில் புலி, ஊசி என்றால் எலி.

"இழை கிழியுதுங்க," என்றார் நவநீதன். "பயப்படாதீங்க, அதுக்குத்தான் பாரம் தூக்கறதே. ராத்திரி நீங்க தூங்கறப்ப உடம்பு அந்தக் கிழிசலைத் தைக்கும். ஓரிழை இருந்த இடத்துல ஒண்ணேகால் இழை வச்சுத் தைக்கும். அடுத்த வாரம் அதே பாரம் லேசா இருக்கும். கிழியறதுல வளர்ச்சி இல்லீங்க பாப்பா, தைக்கறதுலதான் இருக்குது."

மறுநாள் காலையில் சங்கவி மறுபடி நின்றாள். சிவப்புப் புள்ளி இருந்த இடங்களில் சிலவற்றில் தளிர்ப் பச்சையில் புது இழைகள் ஓடியிருந்தன. அவள் தன் தொடையையே யாரோ ஒரு வேற்று ஆளைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தாள்.

"நான் தூங்கும்போது இத்த யார் மிஸ் செஞ்சது?"

"நீதாண்டி செஞ்சே."

"ராத்திரி முழுக்க வேலை செஞ்சிகீறேன், எனக்கே தெரியல," என்றாள்.

வேலை இதுதான். ஆறு வாரம் தினமும் பாரம். கிழிசல் எவ்வளவு, தையல் எவ்வளவு என்று வாத்தியார் கணக்குப் போட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு வரையும். கோட்டின் ஏற்றத்தைப் பார்த்து அவள் உடம்பின் எல்லையைச் சொல்லும். எல்லை உயரமாக இருந்தால் மாநில விளையாட்டு விடுதியில் இடம். மூன்று வேளைச் சாப்பாடு, படிப்பு, நல்ல மைதானம். தாழ்வாக இருந்தால் 'வளரா வகை' என்று விளையாட்டு அட்டையில் பதிந்துவிடும். பதிந்துவிட்டால் இருபத்தொரு வயதுவரை எந்த விடுதியும், எந்த மாவட்ட அணியும் அவளைத் திரும்பிப் பார்க்காது. வளராத உடம்புக்கு எதற்கு வீண் செலவு என்று நான்கு வருடத்துக்கு முன் போட்ட விதி.

சாப்பாட்டுப் பட்டியல் ஒன்றை நிரப்பச் சொல்லி வாத்தியார் கேட்டது. நவநீதன் அரசாங்கப் பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடித்தார். காலையில் உப்புமா, மதியம் சத்துணவு, அதோடு ஒரு முட்டை. ஏழு பேருக்கும் ஒரே டிக். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். தப்பு அங்கேதான் நடந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஆறாவது வாரக் கடைசியில் நவநீதன் ஓட்டமும் நடையுமாக ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார்.

"டீச்சர், எஸ்தர் கோட்டைப் பாருங்க."

எஸ்தர் எங்கள் அணியின் நடு ஆட்டக்காரி. மழைக்காலத்தில் டெங்கு வந்து, துணி காயப்போடும் கம்பிபோலத் திரும்பி வந்தவள். அதிகம் பேசமாட்டாள். திரையில் அவள் கோடு பனைமரம் ஏறுகிறவன் மாதிரி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. தொடைக்குள் எங்கு பார்த்தாலும் பச்சை. கிழிந்த அத்தனை இடத்திலும் ஓர் ஓட்டைகூட விடாமல் தைத்திருந்தது அவள் உடம்பு.

"இந்த மாவட்டத்துல நாலு வருஷமா அளக்கறனுங்க. இப்படி ஒரு கோடு வந்ததில்லை. லட்சத்துல ஒண்ணுங்க டீச்சர்."

நான் அப்படியே நின்றேன். சந்தோஷமா, பயமா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"மத்தவங்க?"

அவர் அடுத்த பக்கத்தைத் தட்டினார். ஆறு கோடுகள், ஆறும் தரையோடு தரையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே வளரா வகை, வளரா வகை, வளரா வகை.

"சங்கவியுமா? அவ என் கையால வளர்ந்த கீப்பருங்க! ஆளே ஆறு பேர் பலம்."

"இந்தப் பக்கம் நூத்துக்கு எழுபது பேர் இப்படித்தானுங்க. உடம்பு வாகு," என்றார் அவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அதுதான் கோபத்தைக் கிளப்பியது.

எஸ்தர் செய்தி அன்றைக்கே தெருவுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் பேனர் நின்றது. 'லட்சத்தில் ஒருத்தி எஸ்தரை வாழ்த்தும் ஏரியா நண்பர்கள்.' எஸ்தர் படம் நடுவில், சுற்றிலும் நாற்பது ஆண்களின் தலை. அதில் ஒருவனும் அவளுக்கு ஒரு பந்து எடுத்துப் போட்டவன் கிடையாது.

மற்ற ஆறு பேருக்கும் நான்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று பீரியட் பீரியடாகத் தள்ளிப்போட்டேன். மதியம் மணி அடித்ததும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். அங்கேதான் அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று தெரியும். ஆனால் பத்தொன்பது வருடத்தில் சாப்பாட்டு நேரத்தில் நான் அந்தப் பக்கம் போனதில்லை. எனக்கு ஸ்டாஃப் ரூமில் ஃபேன் உண்டு.

பூவரச மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆறு தட்டுகளில் வெறும் சாம்பார் சாதம். எஸ்தர் தட்டில் மட்டும் ஏழு முட்டைகள்.

என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எஸ்தர் தட்டைப் பின்னால் மறைத்தாள். ஒரு முட்டை உருண்டு என் செருப்பில் வந்து நின்றது.

"இன்னாடி இது?"

சங்கவிதான் முன்னே வந்தாள். "முறை மிஸ்."

"இன்னா முறை?"

"டீமுல யாருக்காச்சும் அடி பட்டாலோ, காய்ச்சல்ல விழுந்தாலோ, மத்தவங்க முட்டைய அவளுக்குப் போட்டுருவோம். அவ தேறி என்னைய முதுகுல தூக்கிகினு இந்த கோல் போஸ்ட்லேர்ந்து அந்த கோல் போஸ்ட் வரிக்கும் நடக்கணும். நடந்துட்டா முறை முடிஞ்சிது. எட்டாவதுல என் கை ஒடஞ்சுதுல்ல, அப்ப நான் ஆரம்பிச்சது. பர்வீனுக்கு ரெண்டு வாட்டி போட்டுகீறோம். எல்லாருக்கும் ஒரு வாட்டியாச்சும் வந்துகீது."

பிள்ளைகள் அடிபட்டுப் படுத்தபோதெல்லாம் எழுந்து வந்த வேகத்தை நான் பார்த்திருக்கிறேன். என் பயிற்சியின் மகிமை என்று நினைத்திருந்தேன்.

"எஸ்தர் இன்னும் தேறலியா? அவதான் இப்ப உன்னையும் தூக்குவா, என்னையும் தூக்குவாளே!"

சங்கவி தலையைக் குனிந்தாள். "மூணாவது வாரமே தூக்கிட்டா மிஸ். நாங்கதான் நிறுத்தல. கோடு ஏறுதுன்னு அந்த சார் சொல்லிகினே இருந்தாரு. ஏழு பேருல ஒருத்தியாச்சும் அந்த ஹாஸ்டலுக்குப் போகட்டுமேன்னு..."

"நான் வாணாம்னுதான் சொன்னேன் மிஸ்," என்றாள் எஸ்தர். அவள் கண்ணில் நீர் முட்டியது. "துன்னலன்னா சங்கவிக்கா மூக்கப் புடிச்சு ஊட்டுது."

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆறு பேரும் வெறும் சோற்றைத் தின்றுவிட்டுத் தினமும் பாரம் தூக்கியிருக்கிறார்கள். இழை கிழிந்திருக்கிறது, தைக்க நூல் இல்லை. ஆறு பேருடைய நூலையும் வைத்து ஒருத்தியின் உடம்பு தைத்திருக்கிறது. திரையில் நான் வாய் பிளந்து பார்த்தேனே, அந்தப் பச்சை, அது ஏழு பேரின் பச்சை. அந்த நிமிடம் எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக, எழுந்து அவர்களைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. பி.டி. டீச்சர் என்பதால் விசில் ஊதிவிட்டு வந்துவிட்டேன்.

நவநீதனிடம் சொன்னதும் அவர் எஸ்தர் கோட்டைத் திரையில் எடுத்தார்.

"அப்ப எஸ்தர் கோடு பொய்யிங்களா?"

"எஸ்தர் கோடு ஒண்ணுதான் சார் மெய். சோறு போட்டா ஒரு உடம்பு இன்னா செய்யும்னு அது காட்டுது. மத்த ஆறும் பசியோட அளவு. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? காலி சட்டிய நோண்டிப் பாத்துட்டு, அகப்பை சரியில்லன்னு முத்திரை குத்துறீங்க!"

அவர் மற்ற ஆறு கோடுகளையும் மறுபடி தட்டிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "மேல்முறையீடு ஒண்ணு இருக்குதுங்க. முப்பது நாள்ல திரும்ப அளக்கலாம். ஆனா பள்ளிக்கூடத்துல எல்லாரையும் சேர்த்துத்தான் அளக்கணும். எஸ்தர் சீட்டும் அதுவரைக்கும் நிலுவையில போயிடும். ஏதாச்சும் கோளாறாச்சுன்னா அந்தப் பாப்பாவுக்கும் கிடைக்காதுங்க."

இதை நான் தனியாக எஸ்தரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சீட்டு, அவள்தான் சொல்ல வேண்டும். அவள் யோசிக்கவே இல்லை.

"எழுதிப் போட்டுருங்க மிஸ். அந்த பேனரு கீற பஸ் ஸ்டாப்பாண்ட நான் இப்ப போறதே இல்ல. நான் துன்னது அவங்க முட்டை. இந்தக் காலுல எது என்து, எது அவங்கள்துன்னு எனக்கே தெரியல."

மற்ற ஆறு பேரிடமும் அன்று மாலையே எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது நாளும் முட்டை என் பொறுப்பு. கூடவே வேர்க்கடலை, சுண்டல், ஞாயிற்றுக்கிழமை மீன். ஓசிச் சாப்பாடு வேண்டாம் என்று சங்கவி முறுக்கிக்கொண்டாள். "இது ஓசி இல்லடி, உரம். மரத்துக்குப் போட்டா மரம் வெக்கப்படுதா?" என்றேன். முட்டைக்கடை பாய், "இன்னா டீச்சர், கேக் கடை வெச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். ஸ்டாஃப் ரூம் ஃபேனை மறந்துவிட்டு தினமும் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயும் மெல்லுகிறதா என்று பார்த்தேன்.

பத்தாவது நாளிலேயே ஆரம்பித்துவிட்டது. ஏழாம் நம்பர் கோடு அசைந்தது, பிறகு மூன்றாம் நம்பர். பதினைந்தாம் நாள் காலையில் சங்கவி காலுறையை மாட்டிக்கொண்டு கம்பிக்குக் கீழே நின்றபோது திரையைப் பார்த்து நாங்கள் யாரும் மூச்சுவிடவில்லை. முதல் மழைக்குப் பிறகு கால்வாய்க் கரை பார்த்திருக்கிறீர்களா? நேற்றுவரை வெறும் சேறு, விடிந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் புல். அப்படி இருந்தது அவள் தொடை. அத்தனை நாளாக அந்த உடம்பு ஊசியும் கையுமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நூல் வந்த அன்றே உட்கார்ந்து தைக்க ஆரம்பித்துவிட்டது.

மைதானத்திலும் தெரிந்தது. சங்கவி அடித்த கோல் கிக் பம்பிங் ஸ்டேஷன் மதிலைத் தாண்டிப் போனது. பந்தைத் திருப்பிக் கேட்கப் போனவளிடம் வாட்ச்மேன், "உங்க ஸ்கூலுக்கு ஆம்பள வாத்தியார் வந்துகீறாரா?" என்றாராம். பர்வீன் ஓடும்போது அவள் நிழல்கூடப் பின்தங்கிவிட்டது. படியில் ஒற்றைக் காலில் ஏறச் சொன்னால் பேசிக்கொண்டே ஏறினார்கள். ஒருத்தி பாடிக்கொண்டே ஏறினாள்.

முப்பதாவது நாள் ஏழு கோடும் ஒன்றுபோல நிமிர்ந்து நின்றன. எது எஸ்தர், எது மற்றவர்கள் என்று பெயரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நவநீதன் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "ஏழு பேருங்க டீச்சர்," என்றார். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். எஸ்தர் மட்டும் ஓரமாக நின்று அழுதாள், சங்கவி போய் அவளைத் தூக்கிச் சுற்றினாள்.

ஒரு மணி நேரம்கூட அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று வந்தது. 'ஒரே பள்ளியில் ஏழு பேருக்கு இந்த வளர்ச்சி சாத்தியமில்லை. ஊக்கமருந்துச் சந்தேகம். ஏழு அட்டைகளும் முடக்கப்படுகின்றன.'

எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. லட்சத்தில் ஒருத்தி என்றால் வாத்தியார் நம்பினார். ஏழு பேர் என்றால் திருட்டு என்கிறார். உப்பளச் சாலையில் அதிசயம் நடக்கலாம், சாப்பாடு நடக்கக் கூடாது.

நவநீதன் என்னைப் பார்க்காமல் கேட்டார். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. ஏதாச்சும் ஊசி கீசி..."

"பர்வீனக் கூப்பிட்டு ஊசியக் காட்டுங்க சார், அவ எந்த மதிலு மேல ஏறுறான்னு பாப்போம்!" என்று கத்தினேன். அப்புறம் கத்தியதற்கு வருத்தப்பட்டேன். அவர் வேலையைத்தான் அவர் செய்தார்.

ரத்தம் எடுத்தார்கள். பர்வீனை நான்கு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஃப்ளெக்ஸ் பேனரை வாழ்த்திய நண்பர்களே இரவோடு இரவாகக் கழற்றிவிட்டார்கள். 'மருந்து டீம்' என்று பக்கத்துப் பள்ளிப் பையன்கள் கத்தினார்கள். எஸ்தர் வீட்டில் அவள் அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஒரு பிள்ளையாவது கரையேறியிருக்கும். இப்போது ஏழும் மூழ்கிவிட்டன. அந்த எண்ணம் என்னைச் சோறு திங்கவிடவில்லை.

பதினொரு நாள் கழித்து, சனிக்கிழமை காலைப் பயிற்சியின்போது நவநீதன் வந்தார். எங்கள் எட்டுப் பேரையும் இயந்திர அறைக்குக் கூப்பிட்டார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"மருந்து இல்லீங்க. ஏழு பேர் ரத்தமும் சுத்தம்."

யாரும் கைதட்டவில்லை. அவர் இன்னும் எதையோ வைத்திருக்கிறார் என்று தெரிந்தது.

"அதோட விடல நான். மருந்தில்லைன்னா பின்ன என்னங்கன்னு மண்டை குடைஞ்சுது. நம்ம கம்பெனி மத்த மாவட்டத்துலயும் அளக்குதுங்க. இதே நகரம்தான், தெக்கால வேற மாவட்டம், அங்க ஒரு பெரிய தனியார் பள்ளிக்கூடம். அந்தப் பிள்ளைங்க கோட்டை எடுத்து உங்க கோட்டு மேல வச்சேன்." அவர் திரையைத் தட்டினார். முப்பது நாற்பது கோடுகள் வந்து எங்கள் ஏழு கோட்டின் மேல் படிந்தன. ஏழும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விட்டன.

"அப்ப அந்த ஸ்கூல்ல எல்லாரும் லட்சத்துல ஒருத்தியா சார்?" என்றாள் பர்வீன்.

"இல்லீங்க பாப்பா. அங்க இது சாதாரணம். நடுவாப்புல." அவர் திரையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "அதிசயம்னு சொல்லோணும்னா சாதாரணம் எதுன்னு தெரிஞ்சிருக்கோணும். மாவட்டத்துக்கு மாவட்டம் வாத்தியார் தனியா ஒரு சாதாரணம் வச்சிருக்குது. உங்க பக்கத்துச் சாதாரணத்தை நாலு வருஷமா நான் அளந்த பிள்ளைங்களை வச்சுத்தான் போட்டதுங்க. அவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு நான் பார்க்கல. டிக் அடிச்சேன்."

"அப்ப நான் ஸ்பெஷல் இல்லியா சார்?" என்றாள் எஸ்தர்.

"இல்லீங்க பாப்பா."

"அப்பாடா," என்றாள் அவள். நெஞ்சிலிருந்து வந்தது அது. அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஹாஸ்டல் சீட்ட நாங்க பந்து ஆடியே வாங்கிக்கிறோம் சார்," என்றாள் சங்கவி. "அந்த ஸ்கூலு பொண்ணுங்களக் கூட்டிகினு வாங்க, ஒரு மேட்ச் போடுவோம்."

முடக்கத்தை நீக்கக் காரணம் எழுத வேண்டும். திரையில் ஒரு பட்டியல் வந்தது: ஊக்கமருந்து, வயது மோசடி, இயந்திரக் கோளாறு, மற்றவை. நவநீதன் 'மற்றவை'யைத் தொட்டார். வெற்றுக் கட்டம் ஒன்று திறந்தது. என்ன எழுதுவது என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சாப்பிட்டார்கள்," என்றேன்.

அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்பினார். சிவப்புக் கட்டம் அணைந்தது, ஏழு அட்டைகளும் திறந்துகொண்டன. பிள்ளைகள் கத்துவதற்கு வாய் திறந்தார்கள். அதற்குள் திரையில் வேறு எழுத்துகள் வந்தன.

'இந்தக் காரணம் எனக்குப் புதியது. இந்த மாவட்டத்தில் வளரா வகை என்று நான் குறித்த மற்றவர்கள் பதினோராயிரத்து இருநூற்று ஆறு பேர். அவர்கள் சாப்பிட்டார்களா?'

கீழே மூன்று பொத்தான்கள்: ஆம், இல்லை, தெரியாது.

"புதுசா ஒண்ணு சொன்னா அதை மத்த எல்லாருக்கும் கேட்டுப் பார்க்கும்," என்றார் நவநீதன். "அப்படித்தான் இது கத்துக்குதுங்க." அவர் விரல் காற்றில் நின்றது. "ஆம்னு போட்டா எல்லாம் பழையபடியே இருக்குமுங்க. வேற எதைப் போட்டாலும் நாலு வருஷ வேலை மொத்தமும் போயிரும் டீச்சர். என் வேலையும் சேர்த்து."

நான் அவரைத் திட்டவில்லை. திட்ட எனக்கு வாயில்லை. இருபதடி தூரத்தில் இருந்த பூவரச மரத்தடிக்கு பத்தொன்பது வருடமாகப் போகாதவள் நான்.

"உங்களுக்குத் தெரியுமா சார், அவங்க துன்னாங்களான்னு?"

"தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது. அப்ப அதையே சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு 'தெரியாது' என்பதைத் தொட்டார்.

பெயர்கள் திரையில் ஓட ஆரம்பித்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இருந்த 'வளரா வகை' அழிந்து, 'இன்னும் அளக்கவில்லை' என்று மாறியது. ஒன்று, நூறு, ஆயிரம். நாங்கள் எட்டுப் பேரும் கோயிலில் நிற்பதுபோல நின்றோம். ஒரு மாவட்டத்தின் பிள்ளைகள் அத்தனை பேரும் மேலிருந்து கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கடவுளே, எத்தனை கால்கள், எவ்வளவு ஓட்டம்.

"நிறுத்துங்க சார்!" என்று கத்தினாள் பர்வீன்.

நவநீதன் விரலை வைத்து நிறுத்தினார். பர்வீன் திரையில் ஒரு பெயரைத் தொட்டாள். ஆபிதா.

"எங்க அக்கா. வேற ஸ்கூலு. மூணு வருஷம் முன்னாடி முத்திரை குத்துனாங்க. அன்னிக்கே பூட்ஸத் தூக்கி கால்வாய்ல போட்டுச்சு. இப்ப எக்ஸ்போர்ட்ல சட்டை தைக்குது." அவள் என் பக்கம் திரும்பினாள். "பத்தொம்போது வயசு மிஸ். இன்னும் ரெண்டு வருஷம் கீது இல்ல?"

"கீதுடி," என்றேன்.

என் போனை வாங்கி நம்பரை அடித்தாள். மறுமுனையில் தையல் மிஷின்களின் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அக்கா, நான்தான். திங்கக்கெழம லீவு போடு. எங்க ஸ்கூலாண்ட வா, கால அளக்கணும். ஏன்னு அப்பறம் சொல்றேன். அக்கா, கேளு, வெறும் வயித்தோட வராத. சாப்ட்டு வா."